ஆள் இருக்கும் சத்தம்

யூரியா மூட்டை அடுக்கியிருந்த அறை இது.
சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினோம்.
எதிரொலி போனது, வாசனை போகவில்லை.
மைக் முன்னால் உட்கார்ந்தால் இன்றும்
முதல் சொல்லுக்கு முன்னே ஒரு தும்மல்.

தொண்ணூறு புள்ளி எட்டு.
வடக்கே தைலமரக் காட்டோடு குரல் முடிகிறது.
தெற்கே கண்மாய்க்கரை ஏறி இறங்கினால்
நான் பாதி, கொழும்புப் பாட்டு பாதி.
மழைக்காலத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போவேனாம்,
அடைக்கலராஜ் சொல்கிறான்.
அவன்தான் இன்ஜினியர், எலெக்ட்ரீசியன், டீ.

காலை ஆறரைக்கு வாசிப்பேன்:
மூணாம் நம்பர் பஸ் இன்று நல்லூரணி வழியே வராது.
உதவித்தொகைக்குக் கைரேகை வைப்பது வியாழக்கிழமை,
ரேகை தேய்ந்தவர்கள் கண்ணைக் காட்டலாம்.
நாளை மேல்மடைத் தண்ணீர், மறுநாள் கீழ்மடை,
சண்டை வேண்டாம்.
வலது காதில் இரட்டை வெட்டுள்ள வெள்ளாடு ஒன்று
சீனிபாத்துமா வீட்டுக் கொல்லையில் நிற்கிறது.
இரண்டு நாளாக முருங்கை தின்கிறது.
உடையவர் வரவும்.
வரும்போது முருங்கைக்குப் பதில் சொல்லவும்.

டெல்லிக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம்:
நேயர் எண்ணிக்கை.
வருடா வருடம் நாலாயிரம் என்று எழுதுகிறேன்.
அந்த இடத்தில் மட்டும் பேனா திக்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
எட்டு மணி நிகழ்ச்சி, பாம்புக்கடி.
கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்,
கயிறு கட்டாதீர்கள்.
நன்றாகப் பேசினேன்,
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.
எட்டு ஐந்துக்கே டிரான்ஸ்மிட்டர் செத்திருக்கிறது.
இரண்டு கம்பிக்கு நடுவில், கருகி, ஒரு பல்லி.
ஐம்பத்தைந்து நிமிடம்
முட்டை அட்டைகளுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

சைலண்டில் கிடந்த போனில் மிஸ்டு கால் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டேன்.
"கயிறு கட்டாதேன்னு சொல்லிட்டு ஓடிட்டியே,
கட்டாம என்னதான் செய்யிறது?"
ரேடியோவைத் தட்டித் தட்டி மூடி உடைந்துவிட்டது,
யார் தருவார்கள் என்றார் ஒருவர்.
சூளையிலிருந்து ஒரு பையன்
"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு
வைக்காமல் இருந்தான்.

ஒரே எண் ஆறு தடவை.
செல்லக்கண்ணு. முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் மறு தெருவிலுமாக நீளும் வீட்டின் காவல்.
வீட்டுக்காரர்கள் பினாங்கில்.

"ஏம்மா பேச்சை நிப்பாட்டிட்ட?
உன்னைய வளவுல பேசவிட்டுட்டுத்தான்
நான் சாப்பிடப் போறது.
உள்ளே பொம்பளைக பேசிக்கிட்டு இருக்காகன்னு
களவாணி நெனச்சுக்குவான்.
இப்ப வீடு கம்முனு கிடக்கு.
வெளங்கிரும். வெரசாப் பேசு."

எதைப் பேச, என்றேன்.

"எதையாச்சும் பேசு. நானா கேக்குறேன்?"

ஒன்பதேகாலுக்கு விளக்கு பச்சைக்கு வந்தது.
நாங்கள் பூட்டிவிட்டுப் போகிற நேரம்.
கயிறு கட்டாமல் என்ன செய்வது என்று சொன்னேன்:
கடித்த காலை அசைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள்,
தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
மடைத் தண்ணீரை இன்னொரு முறை சொன்னேன்.
ஆட்டை இன்னொரு முறை.
பிறகு சொல்ல ஒன்றுமில்லை.
மைக்கை மூடவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்,
செம்பில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன்,
இந்த மாதம் அரிசி என்ன விலை என்று
அடைக்கலராஜிடம் கேட்டேன்,
தும்மினேன்.
யாருமில்லாத அந்த வளவில்
பத்து மணி வரை நான் இருந்தேன்.

இந்த வருடப் படிவத்தில்
இருபத்தாறு என்று எழுதினேன்.
அதில் ஒருவர் கேட்பதில்லை என்று சேர்க்க
கட்டத்தில் இடமில்லை.
அடைக்கலராஜ் வாங்கி அடித்துவிட்டு
நாலாயிரமே போட்டான்.
"மிச்சப் பேர் ரீசார்ஜ் பண்ணலக்கா."

ஆட்டுக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை.
தைலமரக் காட்டுக்கு
அந்தப் பக்கத்து ஆளாக இருக்கும்.